ஆம்பளை உடம்பு

2025 பிப்ரவரி 3

மில்லில் இன்று லாரி நிறையப் பஞ்சுப் பொதி. நான் ஒருத்தன் ரெண்டாளுக்குச் சமம் என்றார் மேஸ்திரி. வீடு வந்தால் மதுரை டாக்டரின் போன். டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு என் கிட்னியும் பொருந்துகிறதாம், அக்கா மாரிச்செல்வியுடையதும் பொருந்துகிறதாம். ஒருவர் கொடுத்தால் போதும்.

பிப்ரவரி 4

அம்மா முடிவு செய்துவிட்டாள். அக்காதான்.

"ஏலே, நீ மூடை தூக்குறவன். ஆம்பளை உடம்புல கத்தி படலாமா? அவ ரெண்டு பிள்ளையவும் ஆபரேஷன்ல பெத்தவ. தாங்கிக்கிடுவா."

கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரி 11

சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 19

அக்காவும் மில்லில் எட்டு மணி நேரம் நிற்பவள்தானே? அவளைச் சூப்பர்வைசராகப் போட வந்தபோது, பொம்பளை உடம்பு அதற்குத் தாங்காது என்று தடுத்தது இந்த வீடு. தடுத்தவர்களில் நானும் ஒருத்தன். கத்திக்கு மட்டும் தாங்குமா?

மார்ச் 2

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயில் வாசலில் அக்காவைப் பார்த்து, பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இம்புட்டு நாள்ல நீ ஒருத்தன்தாம்லே கேட்டிருக்க. நெனச்சாலே கை காலெல்லாம் நடுங்குது."

எனக்கும்தான் என்று சொல்லவேண்டியதுதானே? ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். கோழைப்பயல் நான்.

மார்ச் 9

மதுரை. சம்மதம்தானா என்று தனியாகக் கேட்க அக்காவை டாக்டர் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"நான் குடுக்கேன் டாக்டர். ஊசியப் பாத்தாலே எனக்குப் பயம். ஆனா நாந்தான் குடுப்பேன்."

அம்மா முகம் வெளிறிப்போனது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வராந்தாவே பார்த்தது — பார்க்கட்டும்.

மே 6

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். வலி உயிர் போகிறது. ஆம்பளைதானே, பொறுத்துக்கொள் என்கிறார் பக்கத்துக் கட்டில்காரர். நான் நர்ஸைக் கூப்பிட்டு வலிக்கு ஊசி போடச் சொன்னேன். ஊசியை நானே கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை.

மே 28

அரிசி மூடை வந்தது. நான் மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது. வேலை முடிந்து வந்த அக்கா அதைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். தெரு பார்க்கிறது என்று அம்மா முணுமுணுத்தாள். மாஸ்க் போட்ட அப்பா கதவைத் திறந்து பிடித்தார். அக்காவின் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் படியேறினேன்.