நடுவில் ஒரு பதிப்பு

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தால் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள்.

ஜெயிலில் இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேச, கம்ப்யூட்டரில் புது லினக்ஸ் பதிப்பு வேண்டும்தான். அதற்காக நடுப் பதிப்பை விட்டுவிட்டு ஒரேயடியாகக் கடைசிக்கா தாவுவது? "ஒவ்வொண்ணா ஏத்துங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியும், நீ போ" என்றீர்கள். போன வாரம் அவனோடு பேசுகிற நேரத்தில் திரை இருண்டுபோனது. அங்கே நம் பிள்ளை கொடுத்த அரை மணி நேரமும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நேற்று, முன்பே எடுத்து வைத்திருந்த பழைய நகலைத் திரும்பப் போட்டு, நடுப் பதிப்பை ஏற்றினேன். ஒழுங்காக ஓடுகிறது. இப்போது கடைசிப் பதிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய செட்டிங்கையே வைத்துக்கொள்ளவா என்று கேட்டால், வெறும் என்டரைத் தட்டுங்கள். அதெல்லாம் அவன் செய்து வைத்தது. முடிந்ததும் ஒருமுறை அணைத்துத் திரும்பப் போடுங்கள்.

மூன்று மணிக்கு அவன் திரையில் வருவான். எனக்கு லீவு இல்லை என்றுவிட்டார்கள். நீங்கள்தான் பேச வேண்டும். "அவன்கூட எனக்கென்ன பேச்சு" என்று இன்றைக்கும் ஆரம்பிக்காதீர்கள். எடுத்த எடுப்பில் கேஸைப் பற்றிக் கேட்காதீர்கள். சாப்பிட்டானா, தூங்கினானா என்று முதலில் கேளுங்கள். அதிலும் தாவ வேண்டாம்.

பி.கு: நாற்காலியைக் கேமராவுக்கு நேராகப் போட்டிருக்கிறேன், நகர்த்தாதீர்கள். போன மாதம் ஓரத்தில் உங்கள் முழங்கை மட்டும் தெரிந்தது. "அப்பாவும் இருக்காராம்மா?" என்று கேட்டான். நீங்கள் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். அதையும் அவன் பார்த்தான்.