ஆஸ்பத்திரிக்கு ஒரு கிரேக்கர் பாக்கெட்

மதினி,

இன்று காலை பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் கிரீம் கிரேக்கர் பிஸ்கட் ஒரு பாக்கெட் கேட்டேன். எடுக்கும்போதே கடைக்காரர், "ஆஸ்பத்திரிக்கா அக்கா?" என்றார். ஆமாம், நம் தோட்டத்து லயத்துச் செல்வியை வார்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். காசை நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் நினைப்புத்தான்.

மலையிலிருந்து இறங்கியதும் கொழுந்துக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, கிரேக்கரைப் பால் விடாத சாயத்தண்ணியில் முக்கி, உடையுமுன் வாயில் போட்டுக்கொள்வீர்கள். என்னுடையது எப்போதும் கோப்பைக்குள்தான் விழும். "எங்க நாத்தனாருக்கு பிஸ்கட்ட குடிக்கத்தான் தெரியும்" என்று லயமே கேட்கச் சிரிப்பீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

தொண்டையில் கட்டி என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், நம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கிரேக்கர் பாக்கெட் கொண்டுவந்தார்கள். கட்டிலோரத்து அலுமாரியை மூட முடியவில்லை. "கடை போட்டுருவமா?" என்று கேட்டீர்கள். பாதிக் குரல் காற்றாகத்தான் வந்தது.

ஒரு சாயங்காலம், "ஒண்ணு முக்கிக் குடு" என்றீர்கள். பிளாஸ்க் தேநீரில் கூழாகக் கரைத்தேன். "குடிக்கிற மாதிரி ஆக்கிட்டேன் மதினி" என்று கரண்டியை நீட்டினேன். வாயிலேயே வைத்திருந்தீர்கள். இறங்கவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துண்டால் துடைத்தேன்.

"நீ சாப்பிடு. நா பாக்குறேன்."

சாப்பிட்டேன், மதினி. அழுதுகொண்டே உங்கள் கண் முன்னால் ஒரு முழுக் கிரேக்கரைத் தின்றேன். வேறென்ன செய்ய முடிந்தது என்னால்?

நீங்கள் போன பிறகு அந்தப் பாக்கெட்டுகளும் பையோடு வீட்டுக்கு வந்தன. சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அடுத்த வீட்டுக் காம்பராவில் தேநீர் ஊற்றினார்கள். தட்டில் உங்கள் கிரேக்கர்கள். வாங்கி வந்தவர்களே எடுத்து முக்கித் தின்றார்கள். தட்டைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தது. யாரோடு சண்டை போடுவது? ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க வந்த சனங்கள்தானே.

இனிமேல் ஆஸ்பத்திரிக்குக் கிரேக்கர் கொண்டுபோகவே மாட்டேன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.

"பையில போடவா அக்கா?" என்றார் கடைக்காரர்.

போடச் சொன்னேன். பிளாஸ்க்கில் சாயத்தண்ணியும் இருக்கிறது. வேறு என்னத்தை வாங்கிக்கொண்டு போவது, மதினி?