செத்தவீட்டுக்குப் போகாத மந்திரி

மவுண்ட் ஆல்பர்ட்,
ஆக்லாந்து.
17.8.1986

அன்புள்ள தம்பி சோதிலிங்கத்துக்கு,

அக்கா புஷ்பவதி எழுதிக்கொள்வது. நீயும் மனைவியும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கௌரியின் கலியாணத்துக்கு வருவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே டெலிபோன் நின்றது. லைன் அறுந்தது என்று நினைத்திருப்பாய். அறுத்தது நான்தான். ஏன் என்று எழுதுகிறேன், முழுவதும் வாசி.

அத்தானுக்குக் காலில் சின்னக் காயம் என்று கௌரி உனக்குச் சொன்னாளாம். பச்சைப் பொய். அவர் ஒனிஹங்காவில் இறைச்சி ஆலையில் வேலை செய்வது உனக்குத் தெரியும். மச்சம் மாமிசம் தொடாத மனிதர், குளிர் அறையில் இறைச்சிப் பெட்டி அடுக்கித்தான் பிள்ளைகளை வளர்த்தார். போன மாதம் அங்கே ஸ்ட்ரைக். வாசலில் எல்லாரும் கைகோர்த்து நின்றிருக்கிறார்கள். பதில் வேலைக்கு வெளியாட்களை ஏற்றிவந்த லொறி நிற்கவே இல்லை. முன்வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. அத்தானின் வலது கால் சில்லுக்குள் அகப்பட்டு நசிந்துபோனது. கீழே கிடந்து கத்தினவரை, லொறியிலிருந்து குதித்த தடியன் ஒருவன் இரும்புக் கம்பியால் முகத்தில் அடித்தான். கூட வேலை செய்யும் டோங்காக்காரன் சியோனே அந்தத் தடியனின் கையை முறித்துக் கம்பியைப் பறித்து எறிந்துவிட்டு, அத்தானைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினானாம். ஆஸ்பத்திரியில் அவர் போட்டிருந்த சேட்டை வெட்டி எடுத்துப் பையில் போட்டுத் தந்தார்கள். இரத்தம் காய்ந்து தகரம் மாதிரி இருந்தது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், தம்பி. மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கும்போது அவர் ஊன்றுகோலோடுதான் நிற்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு சியோனேயும் வேறு சிலரும் கிழங்கும் பழமும் கொண்டு அத்தானைப் பார்க்க வந்தார்கள். கையில் சங்கத்துப் பத்திரிகை. கனடாவிலும் இப்படி ஓர் இறைச்சி ஆலை, இப்படி ஒரு ஸ்ட்ரைக் என்று காட்டினார்கள். குதிரைப் பொலிஸ் சனத்தை மிதித்துக்கொண்டு போகிற படம். மண்டை பிளந்து தெருவில் கிடந்த ஒருவரின் படம். அந்த மனிதர் மறுநாள் செத்துப்போனாராம். பக்கத்தில், எப்படியாவது வாசலைத் திறந்துவிடுங்கள் என்று உத்தரவு போட்ட தொழில் மந்திரியின் படம்.

சியோனே பத்திரிகையைப் பார்த்தான். எங்கள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த உன்னைப் பார்த்தான். இது ஆர் என்று கேட்டான். என் தம்பி என்றேன். கொண்டுவந்ததை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் படலை தாண்டியதும் உன் படத்தைக் கழற்றி நிலத்தில் ஓங்கி அடித்தேன். ஆத்திரம் அடங்காமல் கண்ணாடியைக் கையால் அறைந்தேன். உள்ளங்கை கிழிந்து தையல் போட்டிருக்கிறது. எழுத்துக் கோணலாக இருப்பது அதனால்தான். அடுத்த நாளும் சியோனே வந்தான், அத்தானைத் தூக்கிக் குளிக்க வார்க்க.

நீ கனடாவுக்குப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனவன். ஆசிரியர் சங்கத்துக்குச் செயலாளராகி, பனிக்குள்ளே பதாகை பிடித்து நின்றவன். அந்தச் சனம்தான் உன்னை நகரசபைக்கு அனுப்பியது, மாகாண சபைக்கு அனுப்பியது. நீ மந்திரியான அன்று நான் பாபடோயிட்டோய்க்குப் பஸ் பிடித்துப் போய்க் கடலைமா வாங்கிவந்து, லட்டுப் பிடித்து, தெரிந்த தமிழ்ச் சனம் எல்லாருக்கும் கொடுத்தேன். என்ர தம்பி, என்ர தம்பி என்று எத்தனை தரம் சொன்னேன்! சீ, வெட்கமாக இருக்கிறது.

டெலிபோனில் கலியாணப் பேச்சுக்கு நடுவே உன்னிடம் ஒன்றுதான் கேட்டேன், அந்தச் செத்தவீட்டுக்குப் போனாயா என்று. போகவில்லை அக்கா, அரசாங்கத்தின் பெயரில் மலர்வளையம் அனுப்பினேன் என்றாய். மந்திரி போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றாய். அப்போதுதான் போனை வைத்தேன். வேலிச் சண்டையில் அப்பாவின் மண்டையை உடைத்தவர் சபாரத்தினத்தார். அவர் செத்தபோது அப்பா போய்ப் பாடை தூக்கவில்லையா? அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் போனாயே. செத்தவீட்டுக்குப் போகாதவனை நாங்கள் எந்த நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம்?

இதை எழுதவேண்டாம் என்று அத்தான் சொல்கிறார். அவன்ர அரசியல் அவனோட, பிள்ளைக்கு ஒரே தாய்மாமன், வரட்டும் எண்டு சொல்லுறார். கௌரி அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு மட்டும் உன்னைப் பார்க்க ஆசை இல்லையா?

தம்பி, செத்துப்போன அந்த மனிதரின் மனிசியின் வீட்டுக்குப் போ. அரசாங்கக் காரும் வேண்டாம், பொலிசும் வேண்டாம், தனியாகப் போய்க் கதவைத் தட்டு. துப்பினால் நின்று வாங்கு. அடித்தால் கையைப் பிடிக்காதே. அந்த லொறிக்காரன் என் வாசலுக்கு வந்தால் நான் அம்மிக்குழவியால் அவன் மண்டையைப் பிளப்பேன். ஆனாலும் வந்தானே என்று என்றைக்காவது ஒருநாள் நினைப்பேன்.

போய்விட்டு வா. உனக்குப் பிடித்தது எல்லாம் சமைத்து வைக்கிறேன். போகாமல் வந்தால் கௌரியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது சியோனேதான். கேட்டுவிட்டேன், அவன் சம்மதித்துவிட்டான். கேட்கும்போது எனக்கு வாய்விட்டு அழுகை வந்துவிட்டது.

நீ நல்லாயிருக்க வேணும், என் ராசா. அவனிடம், வேண்டாம், என் தம்பி வருகிறான் என்று நான் போய்ச் சொல்லும்படி செய்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
புஷ்பவதி குணரத்தினம்