பூஜையன்று பிடுங்கிய பிளக்

அன்றைக்கு என் மேனாம்பேட்டு வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: நம் அண்ணன், சரோஜா அண்ணி, என் வீட்டுக்காரர், நான், தங்கச்சி நீ. ஐந்தே பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. என்னிடம் யாரும் கதையை மாற்றிச் சொல்ல முடியாது.

ஒரு நாள் காலை பேத்தி விளையாடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. "ஆயா, சுச்சு பக்கம் போவாத. அப்டேட் ஆவுது. பாதியில நிறுத்துனா மொத்தமா பூடும்" என்றாள். தங்கச்சி, இதையேதானே நீயும் சொன்னாய்?

கட்டியவனை விட்டு நீ என்னிடம் வந்த இரண்டாம் வருஷம் அது. அம்பத்தூரில் வகுப்புக்குப் போய்ப் படித்து, வளையலைக் கழற்றிக் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, வாசலில் 'கேம் சென்டர்' என்று பலகை மாட்டினாய். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உட்காருவார்கள். உன் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்தது அப்போதுதான். ஆனால் புதிதாக வந்த கார் பந்தயம் மூன்றாவது சுற்றில் அப்படியே நின்றுவிடும். "இன்னாக்கா, வண்டி பிரேக் டவுனா? எறங்கித் தள்ளட்டா?" என்று கேலி பேசிவிட்டு, வேறு கடை தேடிப் போக ஆரம்பித்தார்கள்.

அண்ணன் இதற்குத்தான் காத்திருந்தார். "விஜயதசமி வரைக்கும் பாப்பேன். நிக்காம ஓடுனா நீயே வெச்சிக்கோ. இல்லன்னா மூட்டையக் கட்டிக்கினு பட்டாபிராம் வந்துடு. உங்கண்ணிக்கு முட்டி வலி. ஊட்ல சமைக்க ஆளு வேணும்." ஊர் என்ன பேசும், மானம் என்ன ஆகும் என்று அதற்கு மேலே பூச்சு வேறு.

நீ பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தாய். "கேமுல ஒரு கொறையும் இல்லக்கா. அடியில கீற சிஸ்டம் பழசு. புது கேம் கேக்குறத அதால குடுக்க முடியல. அத அப்பப்ப புதுசாக்கிக்கினே இருக்கணும், நாம வுட்டுட்டோம்." புது சிஸ்டம் இருந்த சிடி உன் கைக்கு வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதைப் போட்டாய். பத்துக்குள் முடியும், பிறகு அணைத்து சாமிக்கு வைக்கலாம் என்றாய்.

ஒன்பது மணிக்கு அண்ணனும் அண்ணியும் பொரி, பூசணிக்காயோடு வந்தார்கள். இட்லி தின்றுகொண்டே அவர் தன் தொழிற்சாலை பெருமையை அளந்தார். "முந்தாநேத்து எங்க செக்‌ஷன்ல பூஜ. லேத்துல ஒரு ஷாஃப்டு பாதி கடைஞ்சபடி நிக்குது. பாதியில ஆஃப் பண்ணா வேல பாழு. எல்லாரையும் நிக்க வெச்சி, முடிச்சிட்டுத்தான் சந்தனமே வெச்சேன்."

இட்லி ஒட்டிய வாயால் சொன்னார். நான் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கை கழுவிவிட்டு உன் மேஜைக்கு வந்தார். திரையில் நீலக் கோடு முக்கால் தூரம் தாண்டியிருந்தது. "பூஜ அன்னிக்கி மிஷின் ஓடலாமா? தெய்வக் குத்தம்!"

"அண்ணா, இன்னும் பத்து நிமிஷம்ணா. தொடாத, பாதியில நின்னா செத்துடும்ணா!"

பிளக்கைப் பிடுங்கினார். கறுத்த திரையின் நெற்றியில் அவரே சந்தனம் வைத்தார், குங்குமமும் வைத்தார். "தேங்காய ஒடைங்க, நேரமாவுது" என்றாள் அண்ணி. என் வீட்டுக்காரர் பொரி மென்றார். நான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விஜயதசமி, விடிந்ததும் போட்டாய். கறுப்பில் ஒரே ஒரு வெள்ளை வரி மட்டும் வந்து நின்றது. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரிடம் கொண்டுபோயிருந்தால் சரிசெய்திருப்பார். கடை திறக்கப் பத்து மணி ஆகும். ஏழு மணிக்கே டெம்போவோடு வந்துவிட்டார் அண்ணன். கம்ப்யூட்டர் பட்டாபிராம் வீட்டுப் பரணுக்குப் போனது. நீ அடுப்படிக்குப் போனாய். போன தை மாதம் உன்னைப் பிணமாகத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த அடுப்படியிலிருந்துதான்.

டெம்போவில் ஏறும்போது நீ என்ன சொன்னாய்? "அண்ணனுக்குக் கம்ப்யூட்டர பத்தி இன்னா தெரியும்க்கா, வுடு." கடைசிவரை அப்படியே நம்பினாய். எனக்கு அதுதான் ஆறவில்லை. கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்கலாம். பாதி வேலையில் மிஷினை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருந்தவர்களில் உனக்கு அடுத்து அவனுக்குத்தான் தெரியும். அரை மணி நேரம் முன்னால் அவனே சொன்னான்.

பேத்தியின் கம்ப்யூட்டரில் அந்தப் புள்ளிகள் சுற்றும்போதெல்லாம் நாற்காலியை இழுத்து சுவிட்சுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன். அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

வீட்டுக்காரரை மன்னித்துவிட்டேன், அந்த மனுஷன் பயந்த சுபாவம். அண்ணியையும் மன்னித்தேன், அவளுக்கு முட்டி நிஜமாகவே வலித்தது. தட்டைப் பிடித்து நின்ற என்னையும் திட்டித் திட்டி ஒருவழியாக விட்டுவிட்டேன். மூத்தவனைப் பேர் சொல்லக் கூடாது என்று நம்மை வளர்த்தார்கள். இத்தனை வருஷம் நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், எழுதியே வைக்கிறேன்.

தணிகாசலம்.