இளவரசியின் சட்டையைத் தொட்ட கதை

செச்செக்குக்கு உன் புருஷன் பாயன் எழுதுவது. நீ சுகமா? ஆடுகள் கொழுத்திருக்கின்றனவா? நான் நலம். விலா மட்டும் கொஞ்சம் வலிக்கிறது, பயப்படாதே.

இங்கே ஆளும் கானின் மகள், இளவரசி அல்தலூன், மல்யுத்தத்தில் தன்னை வெல்பவனைத்தான் கட்டிக்கொள்வாளாம். தோற்றவன் ஓட்டிவந்த குதிரைகளெல்லாம் அவளுக்கு. இதுவரை வந்த அத்தனை பேரும் தோற்றுவிட்டார்கள். எனக்கு அது உறுத்தியது. பிடி வழுக்கட்டும் என்று சட்டையில் நெய் தடவுகிறாளோ? நேற்று களத்துக்குள் இறங்கி, அவள் சட்டைத் தோளைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். நெய்யே இல்லை.

கூட்டம் ஆரவாரம் செய்தது. சட்டையைப் பிடித்தவன் சவாலை ஏற்றவன் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். சந்தேகத்தில் எனக்கு மறந்துவிட்டது.

"என்ன பெரியவரே, மாப்பிள்ளை ஆகணுமா?" என்றாள்.

"ஐயோ தாயி, எனக்குப் பொண்டாட்டி இருக்கா!"

"அப்ப சீக்கிரமே முடிச்சிடறேன்."

அடுத்த நொடி எனக்கு வானம்தான் தெரிந்தது. விற்கக் கொண்டுவந்த குதிரைகள் போயின. தோற்றவன் வழக்கப்படி அவள் கைக்கு அடியில் குனிந்து போனபோது, "வீடு போய்ச் சேர ஒண்ணை வெச்சுக்குங்க" என்றாள். அதன் பல், குளம்பு, கண் எல்லாம் சோதித்தேன். குறையே இல்லை. அதனாலேயே இன்னும் நம்பவில்லை.

விலா ஆறியதும் புறப்படுவேன். அதற்குள் இந்தப் பக்கம் வருபவர்களிடம் விலாவில் தடவக் கரடிக்கொழுப்பும், நீ உலர்த்திய தயிர்க்கட்டியும் கொடுத்தனுப்பு. இங்கே அதில் மாவு கலக்கிறார்கள். தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதுமில்லை.

கடிதம் கொண்டுவருபவன் சேணத்தில் ஏறிவிட்டான். எனக்கு முன்னால் யாராவது வந்து, பாயன் பெண் கேட்டுப் போய் மண்ணைக் கவ்வினான் என்று சொன்னால், பாதியை மட்டும் நம்பு.