‘ஆமாங்க’ ஒப்புதல் அல்ல

அனுப்புநர்:
சிவரூபி இளையதம்பி,
புவியியல் ஆசிரியை,
பதுளை.

பெறுநர்:
பணிப்பாளர்,
ஊவா பெருந்தோட்ட மக்கள் சட்ட உதவி நிலையம்,
பதுளை.

பொருள்: மடுல்சீமை பூவம்மாவின் மருத்துவக் கவனயீன வழக்கில் தங்கள் நிலையத்தின் சட்டத்தரணி திரு. ச. பிரவீனன் நடந்துகொண்ட விதமும், அடுத்த தவணைக்கு முன் வேறு சட்டத்தரணியை நியமிக்கக் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வழக்காளி பூவம்மா மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அவருடைய ஒரே மகள் விதுர்ஷா என் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தார். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தொண்டை வீங்கிப் பேச முடியாத நிலையில், தாயுடன் பதுளையிலுள்ள ஒரு தனியார் வைத்திய நிலையத்துக்குப் போனார். பென்சிலின் ஊசி போட்ட சற்று நேரத்தில் மூச்சடைத்து இறந்தார். சிறு வயதிலேயே அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கியிருக்கிறது. அதை ஊசிக்கு முன்பே சொன்னதாகத் தாய் சொல்கிறார். யாரும் சொல்லவில்லை என்கிறார் வைத்தியர்.

2. தங்கள் நிலையம் இரண்டு சட்டத்தரணிகளின் பெயர்களைத் தந்தது. இத்தகைய வழக்குகளில் அனுபவமுள்ள மற்றவரை நான் சொன்னேன். பூவம்மா பிரவீனன்தான் வேண்டும் என்றார். பிரவீனன் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். “வேற ஆளுன்னா நான் பேசுறதுல பாதி புரியாது டீச்சர். இது நம்ம புள்ள” என்றார். அவர் விருப்பப்படியே பிரவீனனின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

3. முதற் சந்திப்பில் பிரவீனன் வழக்கைத் தெளிவாகவே விளக்கினார். நிபுணர் சாட்சியும் பிரேத பரிசோதனை அறிக்கையும் பிறகு வரும். வழக்கு நிற்பதும் விழுவதும் ‘வைத்தியருக்குச் சொல்லப்பட்டதா’ என்ற ஒரே கேள்வியில்தான் என்றார். அதற்கு உள்ள ஒரே சாட்சி தாய். ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி எப்படியெல்லாம் திரும்பி வரும் என்று அவரை ஒரு முறைகூடப் பழக்கவில்லை. “பெரிய லோயர் கேப்பாரு. மரியாதையா பதில் சொல்லுங்கம்மா, போதும்” என்றதோடு சரி.

4. மன்றில் எதிராளியின் சட்டத்தரணி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “வைத்தியரிடம் நீர் இதைச் சொல்லவில்லை என்று நான் கூறுகிறேன்.” பூவம்மா “ஆமாங்க” என்றார். “சொன்னேங்க, ஊசிய எடுக்கையிலயே...” என்று அவர் தொடர்வதற்குள், ‘ஆம்’ என்பது சிங்களத்தில் போய்ப் பதிவாகிவிட்டது. அடுத்த கேள்வியும் வந்துவிட்டது.

5. தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஐயா அறிவீர்கள். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் கங்காணி எதைச் சொன்னாலும் முதலில் வருவது ‘ஆமாங்க’. காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். மறுப்பும் சண்டையும் அதற்குப் பிறகு வரும். மொழிபெயர்ப்பாளரை நான் குறை கூறவில்லை. ‘ஓம்’ என்று சொல்லும் யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்த எனக்கும் இது விளங்கச் சில வருடங்கள் பிடித்தன. பிரவீனனுக்கு அது வீட்டுப் பேச்சு.

6. குறுக்கு விசாரணை முடிந்ததும் அவர் மீள் விசாரணைக்கு எழுந்து தம் சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எழவில்லை. வெளியே வந்ததும் காரணம் கேட்டேன். “உடனே எழும்பினா நாங்க சொல்லிக்குடுத்த மாதிரி தெரியும் டீச்சர். இதுவும் ஒரு உத்திதான். உங்களுக்கு விளங்காது” என்றார். நான் சட்டம் படித்தவள் அல்ல. ஆகவே அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

7. பின்னர் எங்களை அலுவலகத்துக்கு அழைத்தார். “அம்மா, நீங்களே கோர்ட்டுல ஒத்துக்கிட்டீங்க. இனி டாக்டர் குடுக்குறத வாங்கிக்கிட்டு முடிச்சுக்கலாம்” என்றார். பூவம்மா “ஆமாங்க” என்றார். அடுத்த வார்த்தைக்கு அவர் வாய் திறக்குமுன் பிரவீனனின் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் அவருடைய தகப்பனார். கோயில் திருவிழாவுக்கு வரச் சொன்னார் போலும். “ஆமாங்கப்பா, ஆமாங்க” என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இல்லப்பா, வர முடியாது” என்று வைத்தார். என்னைப் பார்த்தார்; பிறகு மேசையைப் பார்த்தார்; பூவம்மா சொல்ல வந்ததைக் கேளாமலே எங்களை அனுப்பிவிட்டார். அப்படியிருந்தும், அதற்கடுத்த தவணையில் தமது கட்சிக்காரர் சமரசத்துக்கு உடன்பட்டுவிட்டதாக மன்றில் அறிவித்தார். ஒவ்வாமை பற்றி வைத்தியருக்குச் சொல்லப்படவில்லை என்பதைத் தாய் ஏற்றுக்கொள்வதும் அச்சமரசத்தின் நிபந்தனைகளில் ஒன்று. பூவம்மா இன்னும் கையொப்பமிடவில்லை.

8. பிரவீனன் விலைபோனார் என்று நான் எழுதமாட்டேன். என்னிடம் ஆதாரம் இல்லை. மூத்த சட்டத்தரணிக்கு அஞ்சியிருக்கலாம்; வழக்கு நீள்வதில் சலித்திருக்கலாம். ஆனால் தெரியாமல் நடந்தது என்று மட்டும் அவர் சொல்ல முடியாது. தன் பேச்சு அவருக்குப் புரியும் என்று நம்பித்தான் பூவம்மா அவரைத் தேர்ந்தார். அந்தப் பேச்சையே அவருக்கு எதிராக இரண்டு தடவை நிற்க விட்டிருக்கிறார்.

9. செய்தி தோட்டத்துக்கும் போய்விட்டது. “தாயி வாயத் தொறக்கல, அதான் புள்ள போச்சுன்னு மலையில பேசிக்கிறாங்க டீச்சர்” என்று பூவம்மா என்னிடம் சொன்னார். கொழுந்து பறிக்கும் இடத்தில் இப்போது ஒதுங்கியே நிற்கிறாராம்.

10. அடுத்த தவணை இம்மாதம் 27ஆம் திகதி. அதற்கு முன் வேறொரு சட்டத்தரணியை நியமித்து, சமரசத்துக்கு வழக்காளி உடன்படவில்லை என்பதை மன்றுக்கு அறிவிக்கவும், பூவம்மாவை மீண்டும் சாட்சியமளிக்க அழைப்பதற்கு அனுமதி கோரவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரவீனனிடம் எழுத்தில் விளக்கம் பெறுவது தங்கள் கடமை என்றும் கருதுகிறேன்.

இம்மனுவைப் பூவம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘சரியா’ என்று கேட்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று அவரையே திருப்பிச் சொல்லக் கேட்டு, இரண்டு இடங்களைத் திருத்திய பின்பே அனுப்புகிறேன்.

நட்டஈடு கிடைக்குமா, கிடைக்காதா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஊசி போடுமுன் தான் சொன்னதை அந்தத் தாய் மன்றில் முழுதாகச் சொல்லி முடிக்க ஒரு தடவை இடம் வாங்கித் தாருங்கள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
சிவரூபி இளையதம்பி (ஒப்பம்)

மேற்கூறியவை என் சம்மதத்துடன் எழுதப்பட்டவை:
பூவம்மா (ஒப்பம்)

இடம்: பதுளை
திகதி: 09.06.2025