யாருக்கும் சொல்லாத நம்பர்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுந்து நடமாடுகிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன், அதை நலம் என்று வைத்துக்கொள். தம்பியும் நலம். நீயும் அங்கே ஏதோ ஒரு நலத்தில் இருப்பாய். போனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா, மீட்டிங்ல இருக்கேம்மா என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை மீட்டிங்கிலேயும் ஒளித்துவைத்துப் படிக்கலாம். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், ஐந்தாவதோடு நின்ற கை, பொறுத்துக்கொள்.

நிற்க. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பெரிய இஸ்திரி மெஷின் மறுபடி படுத்துவிட்டது, போர்வை எல்லாம் கையாலேயே மடிக்கிறோம், தோள் இரண்டும் என்னுடையதே இல்லை. உன் மாமா போன வாரம் வந்தான். அப்பாவுடைய புதுச் செருப்பை, சரியா இருக்கான்னு சும்மா போட்டுப் பாக்குறேன்க்கா என்று போட்டான், கழற்ற மறந்து வீட்டுக்கே போய்விட்டான். போகட்டும். இருக்கிறவன் கால்தானே தேய்க்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீயும் உன் ஆபீஸும் வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்தீர்களே, சின்ன வயசுப் பிள்ளைகள் கஷ்டம் வந்தால் பார்க்கிற அந்த வெப்சைட், அது நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. படிக்காதவர்களும் பார்க்கலாம், கண் மங்கினவர்களும் பார்க்கலாம், ஓட்டை போனிலும் ஓடும், யாருக்கும் கதவு சாத்தாதும்மா என்று பெருமையாகச் சொன்னாயே. அப்போது நான் என்னத்தைக் கண்டேன், சரி சரி என்றேன். அதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறதாமே. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது வந்தால் அதைத் தொட்டால் போதும், பக்கம் மறைந்து வானிலை வந்துவிடுமாம். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியக் கூடாது என்றுதானே வைத்திருக்கிறீர்கள். அப்பா போன பிறகு தம்பி அறையை விட்டு வருவதே இல்லை, நான் எப்போது எட்டிப் பார்த்தாலும் போனில் மேகமும் வெயிலும். பையனுக்கு வானத்து மேல ஆசை வந்திருச்சு என்று சலவைக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். உன் மாமா, வானிலை ஆபீஸில் ஆள் எடுக்குறாங்க, எனக்கு ஒருத்தரைத் தெரியும் என்று கிளம்பிவிட்டான். நானும் தினம் காலையில், இன்னிக்கு மழை வருமாடா, போர்வை காயுமா என்று கேட்பேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தெரியாதும்மா என்பான். நாள் பூரா அதையே பார்க்கிறான், இதுகூடத் தெரியவில்லையே, மண்டையில் ஏறவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் போனுக்கு நம்பர் வர ஆரம்பித்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா போன கையோடு திருட்டுப் பயல்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள், செத்த மனுஷனுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறதாம், வந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். நீதான் போனில் கத்தினாய், அம்மா, நம்பர் வந்தால் கடவுளே வந்து கேட்டாலும் சொல்லாதே, உடனே அழித்துவிடு என்று. நீ சொன்னால் எனக்கு வேதம். வந்த செய்தியிலும் இந்த எண்ணை எவரிடமும் பகிர வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு மேல் இங்கிலீஷில் ஏதோ பேர். யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள், ஒரு வரி இல்லை. நான் அடுப்படியில் கை துடைத்த கையோடு அழித்தேன். மறுபடி வந்தது, மறுபடி அழித்தேன். வாடா வா, என் மகள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், உன் வேலை என்கிட்ட நடக்காது என்று போனைப் பார்த்துத் திட்டவும் செய்தேன். மோசடிக்காரனைத் தோற்கடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி அடுப்படி வாசலில் வந்து நின்றான். தானாக வந்து நின்று எத்தனை நாளாயிற்று. உன் போனுக்கு நம்பர் ஏதாவது வந்துச்சாம்மா என்றான். வந்துச்சே, அப்பப்ப அழிச்சிட்டேன், உனக்கெப்படித் தெரியும், உன்னையும் கூப்பிட்டானா அந்தத் திருடன் என்று கேட்டேன். அவ்வளவுதான், போட்டானே ஒரு சத்தம். யாருக்கும் சொல்லாதேன்னா எனக்குமா, நான் யாரோவா என்று கத்தினான். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. உன் வெப்சைட்டில் சும்மா படிக்க வேண்டும் என்றால் படிக்கலாமாம். ஆனால் அங்கே இருக்கிற ஆளிடம் வாய்விட்டுப் பேச வேண்டும் என்றால், பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளைக்குப் பெற்றவர்கள் அனுமதி வேண்டுமாம், அந்த நம்பர் பெற்றவர்கள் போனுக்குத்தான் வருமாம். எனக்குத் தெரியாமல் இருக்க ஒரு பொத்தான், என்னைக் கேட்காமல் நடக்காமல் இருக்க ஒரு நம்பர். ஏன்டி, இந்த இரண்டையும் ஒரே ஆபீஸில்தான் செய்தீர்களா, இல்லை, பொத்தான் செய்தவர்களும் நம்பர் செய்தவர்களும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளா? பிள்ளை வானிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மா எப்போது போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள் என்று காத்துக் கிடந்திருக்கிறான். நான் குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு கொண்டுபோனேன், நீதான் பத்திரம் என்றாயே.

சரி, இனிமேல் வந்தால் நானே வாசித்துச் சொல்கிறேன், மறுபடி அனுப்பச் சொல்லுடா என்றேன். அனுப்பினான். நீங்கள் பலமுறை முயன்றுவிட்டீர்கள், நாளை முயலவும் என்று வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கை ஆட்டுகிற பொம்மை வேறு. இடி விழுந்த வீட்டில் வந்து நாளைக்குத் துக்கப்படு என்று கை ஆட்டுகிறது. அப்போதுதான் பக்கத்தையும் முழுசாகப் பார்த்தேன். இன்று எப்படி உணர்கிறீர்கள் என்று ஐந்து மூஞ்சி. கஷ்டத்தில் இருக்கிற பிள்ளைகள் என்று படம் போட்டிருக்கிறீர்களே, எல்லாருக்கும் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது, பல் விளம்பரத்துக்கு வந்த கூட்டம் வழி தவறி உள்ளே நுழைந்தது மாதிரி. எழுத்தைப் பெரிசாக்குகிற பொத்தான் மட்டும் நல்ல பொத்தான், தொட்டதும் எனக்கே புரிந்தது. இல்லை, வாசிக்க முடிந்தது, புரியவில்லை. உளநல மீள்திறன் என்றால் என்னவென்று தம்பியைக் கேட்டேன். எனக்கும் தெரியாதும்மா, மேல ஒரு இடத்துல தொட்டா விளக்கம் வரும் என்று தொட்டான். விளக்கம் அதைவிட நீளம்.

இரண்டு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அந்த ஆளிடம் என்னடா கேட்கணும்னு இருந்தே என்றேன். பழக்கத்தில் அவன் கை அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது, மேகம் வந்தது. நான் எழுந்து போகலாமா என்று கூட நினைத்தேன். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்பாவை எடுப்பதற்கு முன்னால் டிப்போ மேனேஜர் வந்து பேசினாரே, நீ அங்கிருந்து போனில்தானே பார்த்தாய், படம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது, கேட்டிருக்க மாட்டாய். நம் கண்டக்டர் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர், அவர் பஸ்ஸில் இருப்பதே யாருக்கும் தெரியாது என்றார். உன் அப்பாவை! விசில் இல்லாமலே அடுத்த நிறுத்தத்து ஜனத்தை ஏற்றின தொண்டையை! அப்பா பஸ்ஸை ஓட்டின டிரைவர் பின்னால் நின்று இருமுவது மாதிரி என்னமோ செய்தாராம், தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அடக்க முடியவில்லையாம். மாமா இவன் தொடையில் கிள்ளி, பெத்த தகப்பன் கிடக்கும்போது பல்லைக் காட்டுறியே, நீயெல்லாம் ஒரு புள்ளையா என்று காதில் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து இதுதான் பிள்ளைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா செத்ததுக்குச் சிரிச்சேன், நான் கெட்டவனான்னு கேட்கணும், அவ்வளவுதாம்மா என்றான். அதைக் கேட்கத்தான் இத்தனை பொத்தான், இத்தனை நம்பர்.

நான் அவனுக்குச் சொன்னதை உனக்கும் எழுதிவிடுகிறேன். நான் முகத்தில் துண்டைப் போட்டுக் குலுங்கினேனே, எல்லாரும் ஓடிவந்து தண்ணீர் கொடுத்து விசிறி விட்டார்களே, அது அழுகை இல்லை. எனக்கும் அதே மேனேஜர், அதே பேச்சு. துண்டுக்குள் இருந்ததால் இவன் சிரித்ததை நான் பார்க்கவில்லை, நான் சிரித்ததை இவன் பார்க்கவில்லை. நிஜமாவாம்மா என்றான். உங்கப்பா எழுந்து உட்கார்ந்து, யாருய்யா அது அமைதியானவன், ஏறுய்யா உள்ளன்னு கத்துவார்னு நினைச்சேன்டா என்றேன். இவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போ உள்ளே போ, படியில நிக்காதே என்று அப்பா குரலிலேயே போட்டான் ஒரு சத்தம், பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு எப்போது முடிந்து மற்றது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் நம்பர் வந்தது. வாசித்துச் சொன்னேன். அந்த அம்மாவோ ஐயாவோ, யாரோ, அவனோடு பேசினார்கள். சுவர் மெல்லிசு என்று நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்த வாரமும் பேசினான். என்கிட்டதான் சொல்லிட்டியே, இன்னும் என்னடா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். என்னைப் பற்றியும் ஏதாவது சொல்லவேண்டி இருக்கும், சொல்லட்டும். பேசிவிட்டு வந்து சாப்பிடுகிறான், அது போதும். அதனால் உன் வேலையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, அது ஒரு பிள்ளைக்கு உதவியிருக்கிறது. உதவ விட்டால் உதவுகிறது. பரீட்சை பார்க்க நிறையப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, குளிர்ந்த அறையில் உட்கார வைத்து, தின்னக் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம் என்றாய். அந்தப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ஆளுக்கொரு அம்மாவையும் நிற்க வைத்திருக்க வேண்டும். நம்பர் அனுப்பினால், உங்கள் பிள்ளை எங்களோடு பேச ஆசைப்படுகிறான், இதை அவனிடம் மட்டும் சொல்லுங்கள் என்று என்னைப் போன்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது. சிவப்புப் பொத்தானை எடுத்துவிடாதே, ஆனால் வானிலை வேண்டாம், எந்த வயசுப் பையன் வானிலை பார்ப்பான், பந்தாட்டத்தைப் போடு.

இன்னொன்று. உன் பக்கத்தில் கீழே பொடி எழுத்தில், இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. எழுத்தைப் பெரிசாக்கித்தான் வாசித்தேன். உனக்கு அந்த வயசு தாண்டிவிட்டது. அப்பாவை எடுத்த மறுநாளே நீ வேலைக்குப் போய்விட்டாய், இன்று வரை என்னிடம் ஒரு சொட்டு அழவில்லை. அங்கே உன்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? நான் சேர்த்துக்கொள்கிறேன். மீட்டிங் முடிந்ததும் கூப்பிடு. சிரிக்கிற மாதிரி இருந்தாலும் சரி, மற்றபடி இருந்தாலும் சரி, ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டாலும் சரி, லைனில் இரு, நான் போர்வை மடிக்கிற சத்தத்தையாவது கேட்டுக்கொண்டிரு.

வேளைக்குச் சாப்பிடு. தலையை ஈரத்தோடு கட்டாதே. எந்தக் கெட்டதும் உன் பக்கம் திரும்பாமல், நீ மனசு நிறைந்து நீண்ட காலம் இருக்க வேண்டும். தம்பி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான்.

மறக்காமல் கூப்பிடு. இன்றைக்கே.

இப்படிக்கு,
உன் அம்மா